அப்பாவுக்கு, பேரனின் மனையியல் வகுப்பு பற்றி

நிஷிகசாய், டோக்கியோ
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று தம்பி சொன்னான். குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காற்று வறண்டுபோய் உதடெல்லாம் வெடிக்கிறது. நீங்கள் அனுப்பிய தேங்காய் எண்ணெய்தான் நாலு பேருக்கும் மருந்து.

அன்றைக்கு போனில் ஒன்று கேட்டீர்கள். "படிக்க அனுப்பினால் சோறாக்கவும் பொத்தான் தைக்கவுமா சொல்லித் தருகிறார்கள்? பையன் கணக்கில் பின்தங்கிவிட மாட்டானா?" அவசரத்தில் "அப்படியெல்லாம் இல்லை அப்பா" என்று வைத்துவிட்டேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றவர் நீங்கள். உங்களுக்கு அந்தப் பதில் போதாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இங்கே ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வருடத்தில் கணக்குக்கு 175 பீரியட், ஜப்பானிய மொழிக்கு 175. மனையியலுக்கு 60 பீரியட்தான், ஆறாம் வகுப்பில் 55. ஒரு பீரியட் 45 நிமிடம். ஆக, கணக்கு போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அந்த 60 பீரியடும் பையன், பெண் எல்லோருக்கும் கட்டாயம். பாடப்புத்தகம் உண்டு, மதிப்பெண் அட்டையில் தனி இடம் உண்டு. 7 முதல் 9 வரை தொழில்நுட்பப் பாடத்தோடு சேர்ந்து வருகிறது. மேல்நிலைப் பள்ளியிலும் விடாமல் தொடர்கிறது.

கதிர் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் பள்ளியிலிருந்து தையல் பெட்டிக்கான விளம்பரத் தாள் வந்தது. ஊசி, நூல், கத்தரி, அளவு நாடா எல்லாம் அடங்கிய பெட்டி. மூடியில் என்ன படம் வேண்டும் என்று பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நெருப்பைக் கக்கும் டிராகன் போட்ட பெட்டியைத்தான் இவன் வாங்கினான். வகுப்பில் பாதிப் பையன்கள் அதையே வாங்கியிருக்கிறார்கள். தையல் பெட்டி என்று வெட்கப்படாமல் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊசிகளை எண்ணி எழுதவேண்டும், முடியும்போது மறுபடி எண்ணவேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கிறவரை தேடுவார்கள். அதற்கப்புறம்தான் நூல் கோப்பது, முடிச்சுப் போடுவது, ஓட்டுத் தையல், பின் தையல் எல்லாம். பொத்தான் தைக்கும்போது துணியோடு ஒட்டி இறுக்கிவிடக் கூடாதாம். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் நூலை மூன்று நாலு சுற்றுச் சுற்றி முடிக்கவேண்டும். ஏன் என்று கேட்டேன். "காஜா இருக்கிற துணியும் கனம்தானே அம்மா, அது உட்கார இடம் வேண்டாமா?" என்றான். இத்தனை வருடம் பொத்தான் தைத்திருக்கிறேன், யாரும் எனக்கு இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை. உங்கள் மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டைகளுக்கு இப்போது கதிர்தான் பொறுப்பு.

இந்தக் காரணம் சொல்கிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உருளைக்கிழங்கைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பேற்றவேண்டும், கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டும். முதலாவது உள்வரை ஒரே சீராக வேகவேண்டும். இரண்டாவது நிறம் மாறாமல் சட்டென்று வெந்து வெளியே வரவேண்டும். இதெல்லாம் அம்மாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் இங்கே அது பாடம். கரும்பலகையில் எழுதி, செய்துபார்த்து, என்ன நடந்தது என்று நோட்டில் குறிக்கிறார்கள்.

போன வாரம் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். சோறும், சோயா பீன்ஸைப் புளிக்கவைத்துச் செய்த மிசோ விழுதில் வைக்கும் சூப்பும் சமைக்கிற வகுப்பாகப் பார்த்துப் போனேன். இந்த இரண்டையும் நாட்டில் எல்லா ஆரம்பப் பள்ளியிலும் சொல்லித் தரவேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சமையல் அறை நம் ஊர் வேதியியல் லேப் அளவுக்கு இருந்தது. மேசைக்கு மேசை கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பிள்ளைகள் எல்லோரும் ஏப்ரன், தலையில் முக்கோணத் துணி, வாயில் மாஸ்க். மேசைக்கு நாலைந்து பேர்.

ஆளுக்கு 80 கிராம் அரிசி. எடையைப்போல ஒன்றரை மடங்கு தண்ணீர், அதாவது 120 மில்லி. களைந்த அரிசியை அரை மணி நேரம் ஊறவைக்கிறார்கள். நாம் கஞ்சி வடிப்போம், இங்கே வடிப்பதில்லை, வைத்த தண்ணீரெல்லாம் அரிசிக்குள்ளேயே போகவேண்டும். பானை எது தெரியுமா? சூடு தாங்கும் கண்ணாடிப் பானை. உள்ளே நடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காக. முதலில் பெரிய தீ. அடியிலிருந்து குமிழி கிளம்பியதும் அரிசி மேலும் கீழும் புரள ஆரம்பித்தது. "பொங்குது, பொங்குது" என்று ஒரு பெண் கத்த, இன்னொருத்தன் தீயைக் குறைத்தான். தண்ணீர் வற்றி, சோற்றுக்கு மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. அப்புறம் 15 நிமிடம் சிறு தீ, அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் ஆவியிலேயே விடவேண்டும். அந்தப் பத்து நிமிடம் பத்து வயதுப் பிள்ளைகள் மூடியில் கை வைக்காமல் நின்றதைத்தான் நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

சூப்புக்கு எடுத்தது என்ன என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். நம் தூத்துக்குடி நெத்திலிக் கருவாடேதான்! இங்கே வேகவைத்துக் காயவைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தலையைக் கிள்ளி, வயிற்றில் கருப்பாக இருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டுக் காய்ச்சி அந்தச் சாற்றை எடுக்கிறார்கள். கதிர் தலை கிள்ளுகிற வேகத்தைப் பார்த்து டீச்சர் அசந்துபோனார். அதில் முள்ளங்கி முதலில், பொரித்த டோஃபு (சோயா பாலில் செய்யும் கட்டி) அடுத்து, வெங்காயத்தாள் கடைசியில். வேக அதிக நேரம் பிடிப்பது முதலில் போகவேண்டும். மிசோ விழுதை எல்லாம் வெந்தபின் கரைத்து, ஒரு கொதி வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மணம் போய்விடுமாம். பச்சை மீனையும் பச்சை இறைச்சியையும் ஆரம்பப் பள்ளியில் தொடுவதில்லை. சுத்தத்தைச் சரியாகப் பார்க்கப் பழகியபின் 7-ம் வகுப்புக்கு மேல்தான் அது.

பாத்திரம் கழுவி, தொட்டியைத் துடைத்து, காய்த் தோலையெல்லாம் பிரித்துப் போட்டபிறகுதான் சமையல் வகுப்பு முடிந்தது. கழுவுகிற வேலையும் மதிப்பெண்ணில் சேரும்.

அங்கே நின்றபோது நம் வீட்டு நினைப்புத்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா, மனதில் இருப்பதை எழுதுகிறேன். அம்மா விரலால் அளந்து தண்ணீர் வைப்பாள், ஒருநாளும் சோறு குழைந்ததில்லை. ஆனால் அந்த வித்தையை நான் ஒருத்திதான் கற்றுக்கொண்டேன். நான் அம்மியடியில் நிற்கும்போது அண்ணனும் தம்பியும் கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். படிப்பு வேறு, இது வேறு என்று நாம் எல்லோரும் நம்பினோம். அண்ணன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஹோட்டல் சாப்பாட்டிலேயே வயிற்றைக் கெடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு வாங்கிய கணக்கு அவனுக்கு ஒரு ரசம் வைக்க உதவவில்லை. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கேயும் இது சுலபமாக வந்துவிடவில்லை. நீங்கள் வரலாறு நடத்தியவர், அதனால் சொல்கிறேன். போர் முடிந்து 1947-ல் புதுக் கல்விமுறை வந்தபோதே ஆரம்பப் பள்ளியில் ஆண், பெண் இருவருக்கும் இந்தப் பாடத்தை வைத்துவிட்டார்கள். ஆனால் 1958-ல் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது 7-ம் வகுப்புக்கு மேல் பாதை பிரிந்தது. பையன்களுக்கு மரவேலை, உலோகவேலை, மின்சாரம். பெண்களுக்குச் சமையல், தையல். 1973-லிருந்து மேல்நிலைப் பள்ளியில் இந்தப் பாடம் பெண்களுக்கு மட்டும் கட்டாயம் என்றே ஆக்கிவிட்டார்கள். பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய இச்சிகாவா ஃபுசாயே போன்றவர்கள் சேர்ந்து 1974-ல் ஒரு சங்கம் தொடங்கி, ஆணும் பெண்ணும் சேர்ந்தே படிக்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1980-ல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. 1985-ல் அதை ஏற்றுக்கொண்டு, 1989-ல் பாடத்திட்டத்தை மாற்றி, 1993-ல் 7 முதல் 9 வரையும் 1994-ல் மேல்நிலையிலும் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். கேட்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டுத் தாத்தா, பையன்களுக்குத் தனியாக இருந்த அந்தப் பழைய பாடத்தில் படித்தவர். ரேடியோவைப் பிரித்து மாட்டுவார். பாட்டி இறந்தபிறகு துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். இப்போது ஆண்களுக்கென்று நடக்கும் சமையல் வகுப்புக்குப் போகிறார். கதிரும் அவரும் படிக்கட்டில் நின்று மிசோ எவ்வளவு போடுவது என்று பேசிக்கொள்வார்கள். அந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அவருக்கு இருக்கும் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பள்ளியிலேயே முழுசாகக் கிடைத்திருக்கவேண்டியது.

பாடம் வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். 2021-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் அப்பா ஒரு நாளைக்கு வீட்டுவேலைக்கும் பிள்ளைக்கும் செலவிடுவது 1 மணி 54 நிமிடம். அம்மா 7 மணி 28 நிமிடம். ராத்திரி பத்து மணி வரை ஆபீஸில் பிடித்து வைத்தால் தெரிந்த சமையலும் எப்போது செய்வது? அதோடு நுழைவுத் தேர்வில் இந்தப் பாடம் வராது. வகுப்பு ஏற ஏறப் பிள்ளைகள் இதை இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கதிரின் அக்கா யாழினியின் பாடம் வேறு மாதிரி. மேல்நிலையில் சமையலைவிடப் பணமும் ஒப்பந்தமும் அதிகம். 2022 ஏப்ரலிலிருந்து இங்கே 18 வயதில் மேஜர், அதுவரை 20. மேஜராகாத பிள்ளை பெற்றோர் சம்மதமில்லாமல் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 18 ஆனபின் போடும் ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் சேமிப்பு, காப்பீடு, முதலீடு, கிரெடிட் கார்டு எல்லாம் மனையியலிலேயே வருகிறது. கடையில் "இதைக் கொடுங்கள்" என்று நாம் சொல்லி, "சரி" என்று அவர் சொன்னதுமே ஒப்பந்தம் ஆகிவிட்டது, கையெழுத்தோ பணமோ அதற்குத் தேவையில்லை என்று அவள் சொன்னபோது உங்கள் மாப்பிள்ளையே நம்பவில்லை. வீடு தேடி வந்து விற்றதை எட்டு நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். ஆனால் இணையத்தில் நாமே வாங்கியதற்கு அந்த விதி பொருந்தாது. இதையெல்லாம் பதினாறு வயதில் தெரிந்துகொண்டால் எத்தனை பேர் ஏமாறாமல் இருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறைபோட்டுப் பரிமாறுவதும், வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் முன்பே சொல்லியிருக்கிறேன். பரிமாறும்போது போடும் வெள்ளைக் கோட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும், துவைத்து இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். அந்த இஸ்திரியும் இப்போது கதிர் கைக்குப் போய்விட்டது.

ஜூலை கடைசியில் லீவு விட்டதும் வந்துவிடுவோம். அதற்குள் உங்களிடம் ஒரு வேலை. கதிர் அம்மாவிடம் நெத்திலிக் குழம்பு கற்றுக்கொள்ளவேண்டும் என்று இப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா குழம்பு வைக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு பேருக்குப் புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு, மீனை எப்போது போடுகிறாள், தீ எப்போது குறைக்கிறாள், எல்லாம். அம்மா "கண் அளவுதான்" என்பாள், விடாதீர்கள், தராசில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டு அதையும் எழுதுங்கள், உங்கள் பேரன் கட்டாயம் கேட்பான். எழுதியதைத் தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் அவனையே ஒருநாள் அந்த அளவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு. அத்தைக்கு அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.

அன்பு மகள்,
செல்வி