ஆய்வை மதிப்பிடுவோர் காரணத்தையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வாளர்களின் பணியை மதிப்பிடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வல்லுநர்களின் விருப்பு வெறுப்பிலிருந்து தப்ப மேற்கோள் எண்ணிக்கையும் (ஒருவரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டியுள்ளனர் என்பது) எச்-குறியீடுமே (தலா பத்து மேற்கோளாவது பெற்ற பத்துக் கட்டுரைகள் இருந்தால் பத்து என்பது போன்ற கணக்கு) வழி என்று முடித்திருந்தது. அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

வல்லுநர் குழுக்கள் மீதான ஐயம் நியாயமானதே. சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தில் ஆய்வு உதவித்தொகை கேட்டவர்களுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்களை ஆராய்ந்து வென்னெராஸ், வோல்ட் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட கட்டுரை, சராசரி ஆண் விண்ணப்பதாரருக்குக் கிடைத்த தகுதி மதிப்பெண்ணைப் பெறுவதற்கு ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வுப் பங்களிப்பைக் காட்ட வேண்டியிருந்ததையும், குழுவினரோடு தொடர்புடையவர்களுக்குச் சலுகை கிடைத்ததையும் வெளிக்கொணர்ந்தது. அந்தச் சாய்வைக் காட்டிக்கொடுத்தவை வெளியீட்டு எண்களே. கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் அவர் வாதம் இன்னும் வலுத்திருக்கும்.

ஆனால், தீர்ப்பைச் சோதிக்க உதவும் எண்ணே தீர்ப்பாகிவிட முடியாது. தாக்கக் காரணி என்பது ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. அவற்றில் பெரும்பகுதியைச் சில கட்டுரைகளே ஈட்டித் தருவதால், அந்தச் சராசரியை அதில் எழுதிய ஒவ்வொருவரின் தகுதியாகவும் கொள்வதில் பொருளில்லை. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடோ ஒருபோதும் இறங்குவதில்லை. ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் அது ஏறலாம். கணிதத்தில் மேற்கோள்கள் மெல்லச் சேர்கின்றன, மருத்துவ உயிரியலில் விரைந்து குவிகின்றன.

எண்கள் வல்லுநர் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதே ஆய்வு மதிப்பீட்டில் எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றி 2015-இல் வெளியான லைடன் அறிக்கையின் முதல் கொள்கை. அதோடு நிறுத்திக்கொள்வது போதாது. எண்ணைச் சுட்டிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற வசதிதான் அதன் செல்வாக்குக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காரணம் கூறாத வல்லுநர் குழுவும் அதே வசதியைத்தான் அனுபவிக்கிறது. ஆகவே, ஆய்வாளரே தேர்ந்து தரும் நான்கைந்து படைப்புகளைக் குழுவினர் படித்து, தங்கள் முடிவுக்கான காரணத்தை எழுதி, அதை விண்ணப்பதாரருக்கும் தர வேண்டும். எண் ஒன்றும் தீர்ப்பு வேறொன்றுமாக இருந்தால் அந்த முரணுக்குத் தனி விளக்கம் தேவை.

நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் இது நடக்குமா என்று கேட்பார்கள். முதல் கட்டத் தேர்வை விண்ணப்பதாரர் ஒவ்வொருவரின் ஒரு படைப்பை மட்டும் படித்துச் செய்யலாம். இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களையேனும் படிக்காமல் ஏற்கவோ தள்ளவோ கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்