சீசன் தொடங்குமுன் அப்பாவுக்கு எழுதியது

டொரன்டோ
7 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருப்பதால், வியாழக்கிழமை மதுரைக்குக் கிளம்பும் நண்பரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தீபாவளிக்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். "சீசனே ஆரம்பிக்கல, ஒரு கோல்கூட விழல, அப்புறம் என்னடா மூணு மாசமா நீயும் பேரனும் ஹாக்கியையே பேசுறீங்க?" என்றீர்கள். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பை நடக்கும் நாட்களில் டீக்கடை பெஞ்சு முழுவதும் ஹாக்கி பேச்சாக இருக்கும். போட்டி முடிந்து அணிகள் ரயிலேறியதும் அந்தப் பேச்சும் அடங்கிவிடும். இங்கே ஐஸ் ஹாக்கி அப்படி அடங்குவதில்லை. ஜூன் மாதம் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வழங்கப்பட்ட மறுநாளிலிருந்து, யார் எந்த அணிக்குப் போகிறார், யார் யாருக்கு மாற்றாக வருகிறார், யாருடைய ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கோடிக்கு என்பதே ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. இந்த வாரம் இந்நகரத்தின் பேஸ்பால் அணி நியூயார்க் அணியுடன் பிளே-ஆஃப் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பரபரப்புக்கு நடுவிலும் என் அலுவலக உணவறையில் நேற்று எல்லோரும் பேசியது ஓர் ஐஸ் ஹாக்கி வீரர் போட்ட கையெழுத்தைப் பற்றித்தான்.

இதற்குக் காரணம் ஒரு கணக்கு. என்.எச்.எல். எனப்படும் இந்த ஐஸ் ஹாக்கி லீக்கில் 32 அணிகள். ஒவ்வோர் அணியும் தன் வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்துச் சம்பளமாகத் தரக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. போன சீசனில் அது 8.8 கோடி அமெரிக்க டாலர். இந்த சீசனில் 9.55 கோடி, அடுத்த ஆண்டு 10.4 கோடியாகும் என்று லீக் முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஆகவே முன்கள வீரர் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் கோல் கீப்பருக்கோ தடுப்பாட்டக்காரருக்கோ கொடுக்க முடியாமல் போகும் டாலர்தான். குறைந்த வருமானத்தில் மாதக் கணக்கு எழுதும் குடும்பத்தைப்போல எல்லா அணிகளும் உட்கார்ந்து கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கை ஊரே அவர்களுடன் சேர்ந்து போடுகிறது. ஒன்பது வயதான உங்கள் பேரனுக்குப் பதினாறாம் வாய்பாடு வராது. ஆனால் டொரன்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியில் மேத்யூ நைஸுக்கு ஆண்டுக்கு 77.5 லட்சம் டாலர் வீதம் ஆறு ஆண்டு, கோல் கீப்பர் ஸ்டோலார்ஸுக்கு 37.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான்.

மூன்று மாதமாக இவ்வளவு பேச்சு நடக்க, முதலில் மிட்ச் மார்னரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இந்த ஊர்ப் பிள்ளை. நம் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள மார்க்கமில் பிறந்தவர். 2015 இல் லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, மேப்பிள் லீஃப்ஸ் அணி நான்காவது தேர்வாக அவரை எடுத்தது. ஒன்பது சீசன்களில் 657 ஆட்டங்கள், 741 புள்ளிகள். இங்கே கோல் அடித்தவருக்கும் ஒரு புள்ளி, பந்தை எடுத்துக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. பந்து என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அவருடைய 741 புள்ளிகளில் 520 பிறருக்கு எடுத்துக் கொடுத்தவை. நீங்கள் லெஃப்ட் ஹாஃபில் நின்று முன்னால் ஓடுபவனின் மட்டைக்கு நேராகத் தள்ளிக்கொடுத்த ஆட்டம் எப்படியோ, அப்படிப்பட்ட ஆட்டம் அவருடையது. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பையை வென்றது 1967 இல். இந்த மே மாதம் கோப்பைக்கான இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், சொந்த அரங்கிலேயே ஃபுளோரிடாவிடம் 6-1 என்று தோற்றபோது, ரசிகர்கள் தாங்கள் அணிந்திருந்த சட்டையைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். ஜூன் 30 அன்று மார்னர் போனார். அவர் போன விதமும் வித்தியாசமானது. எட்டு ஆண்டு ஒப்பந்தத்தை வீரரின் சொந்த அணி மட்டுமே தர முடியும். வெளியணி ஏழு ஆண்டுக்கு மேல் தர முடியாது. ஆகவே டொரன்டோவே அவருடன் எட்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் வீதம் கையெழுத்திட்டு, அந்தக் காகிதத்தோடு அவரை லாஸ் வேகஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு நிக்கோலஸ் ராய் என்ற நடுக்கள வீரரை வாங்கிக்கொண்டது. கையெழுத்து இந்த ஊரில், ஆட்டம் அந்த ஊரில். இங்கே 16 ஆம் எண்ணில் ஆடியவர் அங்கே தன் இளையோர் காலத்து எண்ணான 93 ஐ எடுத்துக்கொண்டிருக்கிறார். வரிக்காகப் போனார் என்று பலர் சொல்கிறார்கள். ஒன்டாரியோவில் பெரிய வருமானத்துக்கு 53 விழுக்காட்டுக்கு மேல் வரி. நெவாடாவில் மாநில வருமான வரியே இல்லை. அது உண்மைதான். ஆனாலும் அவரைத் துரோகி என்று அழைப்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை, அப்பா. நல்ல சம்பளமும் கொஞ்சம் அமைதியும் கிடைக்கும் என்று பிறந்த ஊரை விட்டு வந்தவன் நான். அதையே செய்த இன்னொருவனைப் பார்த்துக் கூச்சலிட எனக்கு வாய் வராது.

ஜான் டவாரெஸின் கதை வேறு. அவரும் டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவில் பிறந்தவர்தான். நியூயார்க்கில் ஒன்பது ஆண்டு ஆடிவிட்டு, 2018 இல் ஏழு ஆண்டுக்கு 7.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஊர் திரும்பினார். அன்று அவர் வெளியிட்ட படத்தில், சிறுவனாக மேப்பிள் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு 1.1 கோடி வாங்கியவர், இந்த ஜூனில் ஆண்டுக்கு 43.8 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். பாதிக்கும் குறைவு. முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது சந்தை விலை இறங்கும் என்பது சரிதான். ஆனால் வேறு அணி இதைவிடக் கூடுதலாகத் தந்திருக்கும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

இவை எல்லாவற்றையும் நேற்றைய செய்தி பின்னுக்குத் தள்ளிவிட்டது. கானர் மெக்டேவிட் இன்று உலகின் தலைசிறந்த ஐஸ் ஹாக்கி வீரர் என்பதை மறுப்பவரை நான் பார்த்ததில்லை. டொரன்டோவுக்கு வடக்கே நியூமார்க்கெட்டில் வளர்ந்தவர். மார்னர் நான்காவதாகத் தேர்வான அதே 2015 ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டு, இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எட்மன்டனுக்குப் போனவர். வீரர் தன் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கே குலுக்கலில் முதல் வாய்ப்பு. ஏழு சீசன்கள் ஆடி முடித்த பிறகோ, 27 வயதான பிறகோதான் அவர் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை பெறுகிறார். மெக்டேவிட்டின் ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிய இருந்தது. ஜூலை 1 முதல் நீட்டித்துக் கையெழுத்திடலாம் என்றிருந்தும் அவர் இடவில்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து இறுதிப் போட்டி வரை போய் ஃபுளோரிடாவிடம் தோற்றவர். அவர் மௌனமாக இருந்த ஒவ்வொரு நாளும் ஒரு புதிய வதந்தி பிறந்தது. வீட்டுக்கு வருகிறார், டொரன்டோவுக்கு வருகிறார் என்று இந்த ஊர் கோடை முழுவதும் கனவு கண்டது. செப்டம்பர் 30 அன்று மினசோட்டாவின் கிரில் கப்ரீசொவ், ஆண்டுக்கு 1.7 கோடி வீதம் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டதும், மெக்டேவிட் இரண்டு கோடி கேட்பார் என்று பேசினார்கள்.

நேற்று அவர் எட்மன்டனிலேயே இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 1.25 கோடி. இப்போது வாங்கும் அதே சம்பளம், ஒரு டாலர்கூட ஏறவில்லை. அவருடன் ஆடும் ட்ரைசைட்டிலுக்கே 1.4 கோடி. மிச்சமாகும் பணத்தில் நல்ல வீரர்களை எடுங்கள், இரண்டு ஆண்டுக்குள் கோப்பையை வெல்வோம் என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை சின்னவனைப் பயிற்சிக்கு அழைத்துப்போனேன். நம் பேட்டையிலுள்ள அரங்கு பெரிய கிடங்கைப்போல இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஈரக் கையுறையும் ரப்பர் விரிப்பும் கலந்த வாசனை அடிக்கும். பயிற்சிக்கு முன் ஸாம்போனி என்ற வண்டி ஐஸைச் சீவி, பின்னால் மெல்லிய வெந்நீர்ப் படலத்தை விட்டுக்கொண்டே போகும். நான்கைந்து நிமிடத்தில் அது இறுகிக் கண்ணாடியாகிவிடும். அதை ஓட்டும் பெரியவர் எட்மன்டன்காரர். எப்போதும் தலையசைப்போடு போய்விடுபவர், நேற்று வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, மட்டையில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இருந்துவிட்டான்" என்று மட்டும் சொன்னார். பிறகு 1988 ஆகஸ்ட் 9 பற்றிப் பேசத் தொடங்கினார். எட்மன்டனுக்கு நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்த வேய்ன் கிரெட்ஸ்கியை, திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்ற நாள் அது. வீரர்களோடு 1.5 கோடி டாலர் ரொக்கமும் கைமாறியது. செய்தியாளர்கள் முன்னால் கிரெட்ஸ்கி பேச முடியாமல் அழுதார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசு தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றுகூடக் கேட்டார். அன்று தன் தந்தை வானொலியை அணைத்துவிட்டு இரவு முழுவதும் யாரோடும் பேசவில்லை என்று சொன்னபோது பெரியவரின் குரல் இறங்கிவிட்டது. இரண்டு ஆண்டுதானே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்தப் பெரிய பெயர்களுக்குக் கீழே நடப்பது செய்தியில் ஒரு வரிதான் பெறுகிறது. எனக்கோ அதுதான் அதிகம் உறைக்கிறது. நேற்று மாலை 5 மணிக்குள் ஒவ்வோர் அணியும் 23 பெயர்களுக்கு மேல் இல்லாத பட்டியலை லீக்குக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பயிற்சி முகாமில் மூன்று வாரம் வியர்வை சிந்தியவர்களில் இடம் கிடைக்காத அனுபவ வீரரை முதலில் 'வேவர்ஸ்' பட்டியலில் போடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். எவரும் எடுக்காவிட்டால் கீழ் லீக்குக்குப் போக வேண்டும். நேற்று காலை டொரன்டோவில் கண்விழித்தவர் இன்று இரவு இன்னொரு நகரத்து ஹோட்டலில் தூங்குவார். மனைவி வீட்டைக் காலி செய்து பின்னால் வருவார். என்.எச்.எல். வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7.75 லட்சம் டாலர் என்று கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்தத் தொகை 23 பேரில் ஒருவராக இருக்கும் நாட்களுக்கு மட்டுமே.

அதைப் படிக்கும்போது உங்கள் பணி நியமன ஆணைதான் நினைவுக்கு வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்தபோது வந்த அந்தக் காகிதத்தைத் தாத்தா தகரப்பெட்டியில், பாட்டியின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அந்த ஒரு தாளில் முப்பத்தைந்து ஆண்டு வேலையும் ஓய்வூதியமும் இருந்தன. அதை இந்த வாரம் மகனிடம் சொன்னேன். "தாத்தாவை யாரும் டிரேட் பண்ணலியா?" என்று கேட்டான். இடமாற்றம் மட்டும் உண்டு, மதுரையிலிருந்து திருச்சி என்றேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

நாளை இரவு மேப்பிள் லீஃப்ஸ் சொந்த அரங்கில் மாண்ட்ரியலுடன் சீசனைத் தொடங்குகிறது, தொலைக்காட்சியில் பார்ப்போம். நவம்பர் 28 முதல் மதுரையிலும் சென்னையிலும் நடக்கும் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பைக்குத் தம்பியை அழைத்துக்கொண்டு போங்கள். படியேற முழங்கால் இடம் கொடுத்தால் நல்லது, இல்லாவிட்டால் கீழ் வரிசையில் உட்காருங்கள். யார் எப்படி ஆடினார்கள் என்று எனக்கு விரிவாக எழுதுங்கள்.

இன்னொன்று. ஜனவரியில் மார்னர் தன் புதிய அணியோடு டொரன்டோவுக்கு வருகிறார். டிக்கெட் கிடைத்தால் சின்னவனை அழைத்துப்போகலாம் என்றிருக்கிறேன். 16 ஆம் எண் சட்டையை அவன் ஜூலை மாதமே மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டான். எறியவும் இல்லை, போடவும் இல்லை. அன்று அதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று என்னைக் கேட்டான். தாத்தாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவனிடமே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் மகன்