தேய்க்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனன்குடாப் பக்கம் கிணறு வெட்டிய தம்பி ஒருவர், போன மாதம் ஒரு பாரமான துண்டை உரப்பையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஐயா, இது ஜப்பான்காரன்ட சீரோ பிளேன் எண்டு எல்லாரும் சொல்லீனம். பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில கேக்கிறான். குடுக்கவோ?" என்றார். கொடுக்க வேண்டாம் என்றேன். அதை இங்கே எழுதுவது, இப்படி ஒன்று கையில் கிடைக்கும் மற்றவர்களுக்காகவும்தான்.

நான் நாற்பது வருடம் லேத்தில் நின்றவன். பார்த்ததுமே விமான எஞ்சின் சிலிண்டர் என்று தெரிந்தது. மோட்டார் சைக்கிள் சிலிண்டரைச் சுற்றி இருப்பது போலவே காற்றுச் சிறகுகள், ஆனால் ஒரு குடத்தின் பருமன். தலை அலுமினியம், உடல் உருக்கு. சிறகுகளின் இடைவெளியில் களிமண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கினார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மண்ணிலிருந்து எந்தத் தகரம் வந்தாலும் சீரோ என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று பிரித்தானியரின் ஹரிக்கேன்களும் ஃபுல்மார்களும்கூட விழுந்தன. யாருடைய விமானம் என்பதைத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் துண்டு சொன்னது. ஹரிக்கேனிலும் ஃபுல்மாரிலும் இருந்தது மெர்லின் எஞ்சின். அது திரவத்தால் குளிர்வது, அதன் சிலிண்டருக்குச் சிறகு கிடையாது. ஆகவே அவை இரண்டும் போயின. பிரித்தானியரின் மற்ற விமானங்களான பிளென்ஹைம், சுவோர்ட்ஃபிஷ் எஞ்சின்களில் காற்றுச் சிறகு உண்டு, ஆனால் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு. இதில் இரண்டுதான். கட்டலினா என்ற கடல் விமானத்தின் அமெரிக்க எஞ்சினிலும் இரண்டு வால்வுதான். அங்கேதான் அளவுகோல் பேச வேண்டும். அந்த அமெரிக்க எஞ்சின் சிலிண்டரின் உள்விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். தம்பியின் துண்டில் துரு குறைவாக இருந்த இடமாகப் பார்த்து உள்விட்ட மைக்ரோமீட்டரை மூன்று தரம் வைத்தேன். 130க்கு மேல் ஒரு மயிரிழை. துரு தின்றால் துளை பெருக்குமே தவிரச் சிறுக்காது. 130 மில்லிமீட்டர், நகாஜிமா நிறுவனம் செய்த பதினான்கு சிலிண்டர் 'சகாயே' எஞ்சினின் அளவு.

சரி, அப்படியானால் சீரோதானே என்று தம்பி கேட்டார். இல்லை. சகாயே, சீரோ சண்டை விமானத்திலும் ஓடியது, 97 என்ற குண்டுவீச்சு விமானத்திலும் ஓடியது. அன்று எங்கள் ஊருக்கு மேல் இரண்டும் வந்தன. (சீரோ என்ற பெயர் ஜப்பானிய மரபு ஆண்டு 2600இன் கடைசி இலக்கம், நம் கணக்கில் 1940. 97 என்பது 2597, அதாவது 1937.) சீரோவில் ஒருவர் போவார், 97இல் மூன்று பேர். ஒரு சிலிண்டரை வைத்து அங்கே செத்தது ஒருவரா மூவரா என்று சொல்ல முடியாது. ஆகவே கொப்பியில் 'சகாயே' என்று மட்டும் எழுதி, அளவையும் தோண்டிய இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொடுத்தேன்.

இதில் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் பட்டறை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கிண்ணியாவிலிருந்து ஒருவர் ஒரு பக்கம் கிழிந்த அலுமினியத் தகடொன்றைக் கொண்டுவந்து மினுக்கித் தரச் சொன்னார். உள்பக்கத்தில் நீலமும் பச்சையும் கலந்த, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அழுக்கு என்றுதான் நினைத்தேன். எமரித் தாளைப் போட்டுத் தேய்த்தேன். பாதி போனபிறகுதான் பூச்சின்மேல் ஒரு சின்ன மைமுத்திரையும் பக்கத்தில் இரண்டு எழுத்தும் இருந்தது கண்ணில் பட்டது. அடுத்த இழுப்பில் அதுவும் போய்விட்டது. ஜப்பானியர் துரு பிடிக்காமல் உள்பக்கம் பூசும் அரக்கு அது என்று பிற்பாடு அறிந்தேன். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குப் பச்சை மூங்கில் என்று பொருளாம். அந்த நிறமே போதும் அடையாளத்துக்கு. எழுத்தும் இருந்திருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். என் கையாலேயே அழித்தேன். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

ஆகவே துண்டு கிடைக்கிறவர்கள் தயவுசெய்து கம்பி பிரஷ், எமரி, அமிலம் எதையும் தொடாதீர்கள். கிடைத்தபடியே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எண் தெரிந்தால் அப்படியே குறித்துவையுங்கள். பெயர்ப் பலகையில் ஆண்டு 16 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 1926இலிருந்து எண்ணும் ஷோவா என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 1941. குண்டு போலவோ தோட்டா போலவோ இருந்தால் கை வைக்காமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

தம்பி சிலிண்டரை விற்கவில்லை. மண்ணோடு அப்படியே வைத்திருக்கிறார். கிண்ணியாக்காரர் அன்று, கிழிந்த மற்றப் பாதி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரோ அவருடைய பிள்ளைகளோ இதை வாசித்தால், அந்தப் பாதியைத் துடைக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பார்க்க நானே வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
திருகோணமலை