ஜாஸ்பர் கல் நுரையீரலைக் காக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் 'மூக்கைட்' என்ற பலவண்ண ஜாஸ்பர் கல்லைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. படம் அருமை. ஆனால் அந்தக் கல் எங்கே கிடைக்கிறது, எதனால் ஆனது என்பதற்கு ஒரே ஒரு வரிதான். மீதி முழுக்க எந்த ராசிக்காரர் எந்த விரலில் போடலாம், என்னென்ன நோய் தீரும் என்ற பட்டியல். அதில் 'நுரையீரலுக்கு வலுவூட்டும்' என்ற வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வீட்டிலேயே மணிமாலை கோர்த்து விற்கிறவள். பாரிமுனை தேவராஜ முதலி தெருவில் கல்மணிகளைச் சரம் சரமாக வாங்கி வந்து, பிரித்துத் தரம் பார்த்துக் கோர்ப்பேன். நவராத்திரிக்கும் மார்கழிக் கச்சேரி சீசனுக்கும் நல்ல விற்பனை. கைத்தறிப் பருத்திப் புடவைக்கு மூக்கைட் மாதிரி எடுப்பான கல் வேறு இல்லை என்பது என் கட்சி. ஒரே சரத்தில் கடுகு மஞ்சள், அரக்கு, சந்தனம், இளஞ்சிவப்பு எல்லாம் வரும். சில மணிகளில் மஞ்சளும் அரக்கும் ஒன்றோடொன்று கலக்காமல், கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். அப்படி ஒரு மணி கிடைத்தால் அதை மாலையின் நடுவில்தான் வைப்பேன்.

இது மேற்கு ஆஸ்திரேலியாவில், கென்னடி மலைத்தொடரை ஒட்டிய மூக்கா ஓடைப் பக்கம் தோண்டி எடுக்கிற கல். இன்று அது வறண்ட மேய்ச்சல் நிலம். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் ரேடியோலேரியா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் வாழ்ந்தன. கண்ணுக்கே தெரியாத உருவம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவால், அதாவது மணலில் இருக்கும் அதே பொருளால் ஆன ஒரு கூடு உண்டு. அவை செத்துச் செத்து அடியில் படிந்தன. அந்தச் சிலிக்கா கரைந்து, மறுபடி இறுகிக் கல்லாயிற்று. இடையே ஊறி இறங்கிய நீரில் இருந்த இரும்பு வண்ணம் கொடுத்தது: ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் சிவப்பு, கோத்தைட் என்ற இன்னொன்று மஞ்சள். சுருங்கச் சொன்னால் துருதான். கறாரான மண்ணியல்காரர்கள் இதை ஜாஸ்பர் என்று ஒப்புக்கொள்ளாமல் ரேடியோலரைட் என்பார்கள். அது அவர்கள் பாடு. கடைத்தெருவில் இது ஜாஸ்பர்தான். எப்படியும் குவார்ட்ஸ் வகையறா. ஒளி ஊடுருவாது, கத்தியால் கீறினாலும் கீறல் விழாது.

'முனிவர்கள் அருளிய கல்' என்றும் கட்டுரையில் இருந்தது. ஆஸ்திரேலியக் கல்லை எந்த முனிவர் எப்போது பார்த்தார்? நவரத்தினங்களில் ஜாஸ்பருக்கு இடமே கிடையாது. பழம்பெருமைதான் வேண்டும் என்றால் கொடுமணல் இருக்கிறதே! ஈரோடு மாவட்டத்தில் நடந்த அந்த அகழாய்வில் சூதுபவளம், அகேட், நீலக்கல் எல்லாவற்றோடும் ஜாஸ்பர் மணிகளும் கிடைத்திருக்கின்றன. மணி செய்த பட்டறைகளே அங்கு இருந்திருக்கின்றன. இதற்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

இப்போது நுரையீரலுக்கு வருகிறேன். நான் வாங்கும் சரங்களில் பல குஜராத்தின் காம்பாத்தில் அறுத்துத் துளை போட்டு வருபவை. அந்த வட்டாரத்துக்கு இது பரம்பரைத் தொழில். லோத்தலில் ஹரப்பா காலத்து மணிப் பட்டறையே கிடைத்திருக்கிறது. அகேட்டோ ஜாஸ்பரோ, கல்லைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து உருட்டும்போது பறப்பது சிலிக்காத் தூசி. அது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ் என்பார்கள். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். வீட்டிலேயே சாணை பிடிப்பதால், கல்லைத் தொடாத வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும்கூட இந்த நோய் வந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டு அரைத்தால், தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தால் பெருமளவு தடுக்கலாம். ஒவ்வொரு மணியும் இப்படி யாரோ ஒருவருடைய மூச்சைக் கடந்துதான் என் கைக்கு வருகிறது. அதே கல் நுரையீரலுக்கு நல்லது என்று அச்சில் வந்தால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்று, சாயம். என் வாடிக்கையாளர் ஒருவர் ராசிக்கல் கடையொன்றில் 'கடல் ஜாஸ்பர்' என்று சொல்லி வாங்கிய மயில்நீல மாலையை அறுந்துபோனதென்று கொண்டுவந்தார். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒரு மணியைத் துடைத்தேன். பஞ்சு நீலமாயிற்று. துளையின் விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக இருந்தது. வெடிப்புகளில் மட்டும் நிறம் அடர்ந்து நின்றாலும் சந்தேகப்படலாம். சாயக்கல் விற்பது குற்றமில்லை, நானும் விற்கிறேன். ஆனால் சாயம் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில். தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. இந்த மாதிரிக் கல்லுக்கு அப்படி ஒன்றும் இல்லாததால், 'சாயம் ஏற்றியது' என்று பில்லில் எழுதித் தரும்படி வாங்குகிறவர்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை கல்லைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். 1851-இல் அது தொடங்கியதே மண்ணியல் மாதிரிகளை வைத்துத்தான். அப்புறம், நுரையீரல் பற்றிய அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுங்கள். எங்கள் தெருவில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மோதிரத்துக்கு ஒரு கல் வேண்டுமென்று ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33