அந்த 19 நிமிடம் யாருடையது?

நாகர்கோவிலில் வணிக வளாகம் நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அதன் அடித்தளத்தில் பார்க்கிங்கைக் குத்தகைக்கு எடுத்திருப்பவருக்கும்,

வணக்கம். உங்கள் வளாகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் குற்றமில்லை, ஊரில் பல இடங்களில் இதே கதைதான் நடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் தக்கலையிலிருந்து காரில் கிளம்பினோம். வில்லுக்குறி, தோட்டியோடு வழியாக வந்தோம். பெயரிலேயே சுங்கம் வைத்திருக்கும் சுங்கான்கடையைத் தாண்டும்போதுகூட யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாகர்கோவிலில் வேப்பமூடு சந்திப்பைச் சுற்றி எங்கேயும் வண்டியை ஓரம் கட்ட முடியவில்லை. அப்புறம்தான் உங்கள் சரிவுப் பாதையில் இறங்கினோம்.

டோக்கனில் அச்சான நேரம் 5:12. வண்டி நிறுத்த இடம் கிடைத்தது ஏறக்குறைய 5:25-க்கு. டோக்கனை வாசலில் கொடுத்துவிடுகிறீர்கள், இடத்தைத் தூணுக்குத் தூண் நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த 13 நிமிடத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. பண்டிகை நேரம், இருக்கட்டும்.

பேத்திக்கு ஒரு பாவாடை, வீட்டுக்கு ஒரு ஸ்டார். கடை பில்லில் நேரம் 6:46. 6:54-க்கு வண்டியை எடுத்துவிட்டோம். மேலே ஏறும் பாதையில் முன்னால் இருபது வண்டியாவது நின்றிருக்கும். வெளியே போக இரண்டு வழி வைத்திருக்கிறீர்கள். ஒன்றின் குறுக்கே சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள். இன்னொரு வழியில் ஒரே ஒரு பையன். ஒவ்வொரு வண்டிக்கும் டோக்கன் வாங்கி, ஸ்கேன் செய்து, சில்லறை தேடி, ஜிபே சத்தம் வரும்வரை காத்திருந்து கட்டையைத் தூக்கினான். பாவம், அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. புகை வந்துகொண்டிருந்த அந்தச் சரிவில் கிளட்சை மிதித்தபடி 37 நிமிடம் நின்றோம்.

கட்டையருகே வந்தபோது மணி 7:31. திரையில் 230 ரூபாய் என்று வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு 30. கூடுதலாக நின்றதற்கு ‘அபராதம்’ 200. கேட்டேன்.

"அண்ணே, சிஸ்டம் கேட்குது, நான் என்ன செய்ய?"

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அம்மா சொன்னாள்: "நீ குடுக்கலேன்னா அந்தப் பிள்ளைக்க சம்பளத்துல பிடிச்சிருவான். குடுத்துட்டு வா மக்கா." கொடுத்தேன். பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்போது அவளே மெல்ல, "பஸ்ல வந்திருந்தா எனக்கு டிக்கெட்டே இல்ல" என்றாள்.

நிறுத்துவதற்குக் காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. விளக்குப் போடுகிறீர்கள், ஆள் வைக்கிறீர்கள், 30 ரூபாய் நியாயம்தான். என் கேள்வி அந்த 19 நிமிடத்தைப் பற்றி மட்டும். இரண்டு மணி நேரம் முடிவது 7:12-க்கு. அதற்கு 18 நிமிடம் முன்பே நாங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டோம். அந்த இடத்தில் அடுத்த வண்டி நின்று, அதற்கும் நீங்கள் 30 ரூபாய் வாங்கியிருப்பீர்கள். நான் நின்றது பார்க்கிங்கில் அல்ல, உங்கள் வரிசையில். அந்த வரிசையை உண்டாக்கியது உங்கள் ஸ்டூல்.

உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். இரண்டு மணி நேரத்துக்கு 30 என்றால் 19 நிமிடத்துக்கு நாலே முக்கால் ரூபாய். அதற்கு 200 வாங்கியிருக்கிறீர்கள்.

அடுத்து அந்த ‘அபராதம்’ என்ற சொல். போலீஸ்காரர் நோ பார்க்கிங்கில் பிடித்தால் சலான் எண் உண்டு, எந்தப் பிரிவு என்று இருக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். உங்களுக்கும் எனக்கும் இடையில் இருப்பது ஒரு ஒப்பந்தம்தான். ஒப்பந்தத்தை நான் மீறியதாகவே வைத்துக்கொண்டாலும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே, எழுதிவிட்டதாலேயே முழுசாகக் கிடைத்துவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகையை நுகர்வோர் தலையில் கட்டுவதை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வரையறுத்திருக்கிறது.

மறுநாள் போன் செய்தபோது, "போர்டில் போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றார்கள். அதற்கடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். இரண்டாவது தூணுக்குப் பின்னால், லேமினேட் செய்த ஒரு ஏ4 தாள். முழுக்க ஆங்கிலம். வண்டிக்குள் இருந்து அதைப் படிக்க வேண்டுமானால் இறங்கி நடந்து போக வேண்டும். டோக்கன் வாங்கி உள்ளே வந்த பிறகுதான் அந்தத் தூணே கண்ணில் படும். அம்மாவுக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வண்டி ஓட்டும் எத்தனையோ பேர் அப்படித்தான்.

அதே தாளில், வண்டிக்கு ஏதாவது ஆனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்றும் இருக்கிறது. 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நிறுத்தக் கொடுத்த மாருதி கார் திருட்டுப் போனது. டோக்கனில் அச்சடித்த இதே மாதிரி வரியைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே சாவியை ஒப்படைத்திருந்தார்கள், இங்கே சாவி என் பையில்தான் இருந்தது, இரண்டும் ஒன்றல்ல என்று உங்கள் வக்கீல் சொல்வார். சரிதான். ஆனாலும் தாளில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

எனக்கு இதைவிடவும் உறுத்தியது வேறொன்று. பணம் கட்டிய பிறகு ரசீது கேட்டேன். "பிரிண்டர் ஓடல" என்று சொல்லி டோக்கனையும் வாங்கி வைத்துக்கொண்டான். முன்பு ஒருமுறை டோக்கனைத் தொலைத்துப் பட்ட பாட்டில், வாங்கியதும் போட்டோ எடுக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதனால்தான் 5:12 என்று உறுதியாகச் சொல்கிறேன். போனில் பணம் போனது உங்கள் வளாகத்தின் பெயருக்கோ ஏதாவது நிறுவனத்தின் பெயருக்கோ அல்ல, ஒரு தனி ஆளின் பெயருக்கு. அது குத்தகைதாரரா, அவர் மச்சானா, எனக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா? ரசீது தராமல் இருப்பதும் அதே 2019 சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

200 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கும் ரசீது தராததற்கும் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. அங்கே போய் உட்கார எனக்கு ஆசையில்லை, அதனால்தான் முதலில் இந்த மடல்.

அந்த ஸ்டூலை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு பையனை நிறுத்துங்கள். கூட்ட நாளில், வண்டி இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு கால் மணி நேரமாவது கணக்கில் சேர்க்காதீர்கள். முடியாவிட்டால் கடைப் பக்கமே ஒரு கவுண்டர் வைத்து, நடந்து வரும்போதே காசு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டண போர்டைத் தமிழில், டோக்கன் வாங்குவதற்கு முன் கண்ணில் படும்படி பெரிதாக வையுங்கள். ரசீது உங்கள் பெயரில் வரட்டும்.

என் 200 ரூபாயை, அன்று எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பினால் போதும். ரசீது வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர்