70 சிசி சிலிண்டர் கிட்டில் ரிங் உடைந்து இன்ஜின் சேதமானது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பூக் மாக்ஸி மொபெட்டின் இ50 இன்ஜினுக்கு நீங்கள் விற்கும் 70 சிசி கிட்டில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது பற்றி.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கிட்டில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் கீழ் ரிங்கைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் "பின்" என்ற சிறு ஊசி, சிலிண்டரின் பின்சுவரில் பெட்ரோல் கலவை நுழையும் பூஸ்ட் போர்ட் ஜன்னலுக்கு நேராக வருகிறது. அதனால் ரிங்கின் வாய், அதாவது அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள பிளவு, அந்த ஜன்னலில் மாட்டி உடைந்தது. உடைந்த துண்டுகள் சிலிண்டர், ஹெட், கிராங்க் கேஸ் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இதைப் படங்களோடு தெரிவித்திருந்தேன். "கார்புரேட்டர் செட்டிங் தவறு, இன்ஜின் சூடேறி சீஸ் ஆகி இறுகியிருக்கிறது, ரேஸ் பாகங்களுக்கு வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. படங்களைத் திறந்து பார்த்தவர் யாரும் இப்படி எழுதியிருக்க முடியாது. ஆகவே இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, முழுதும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் இன்ஜினைப் பற்றி. மாக்ஸி 1969இல் வந்த வண்டி. இ50 இன்ஜினின் ஒரிஜினல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 38 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 43 மி.மீ., கொள்ளளவு 48.8 சிசி. உங்கள் கிட்டின் போர் 45 மி.மீ. ஸ்ட்ரோக் மாறாததால் கணக்குப்படி 68 சிசி வருகிறது. அதை 70 என்று போட்டு விற்பது இந்தத் துறையில் வழக்கம்தான், அதில் எனக்குக் குறையில்லை. கிராங்க்கை மாற்றாமல், கேஸைப் பிளக்காமல், சிலிண்டரையும் பிஸ்டனையும் ஹெட்டையும் மட்டும் மாற்றி வண்டிக்கு நல்ல இழுவை கொடுக்கலாம் என்பதற்காகத்தான் இந்த இன்ஜின்காரர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட கிட்டைத் தேடுகிறார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

பொருத்திய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பதில் முழுக்க அதைத்தான் குறை சொல்கிறது. பிஸ்டன் தலையிலிருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்திருக்கிறது. புதிய சர்கிளிப்கள், புதிய நீடில் பேரிங். இரண்டு ரிங்குகளையும் சிலிண்டருக்குள் தனித்தனியாக விட்டு ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். வாய் இடைவெளி 0.2 மி.மீ. இருந்தது. 45 மி.மீ. போருக்கு அது சரியான அளவு. ஈயக்கம்பி வைத்து அளந்த ஸ்குவிஷ் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி) 1 மி.மீ. பிளக்கை ஒரு படி குளிர்ச்சியான என்.ஜி.கே. பி8ஹெச்எஸ் ஆக மாற்றினேன். மெயின் ஜெட்டை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு, ரிச் ஆகவே (பெட்ரோல் தூக்கலாகவே) ஓட்டினேன். பெட்ரோலில் ஆயில் 25:1. ஹெட் நட்டுகளைக் குறுக்கு வாட்டில் இறுக்கி, ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி சரிபார்த்தேன். உங்கள் பெட்டியில் வந்த ஒற்றைத் தாளில் இவற்றில் ஒன்றுக்குக்கூட அளவு இல்லை. ரிங் இடைவெளி, டார்க், ஜெட், எதுவுமே இல்லை.

முதல் டாங்க் பெட்ரோல் தீரும் முன்பே, பாதி த்ராட்டிலில், சமதளத்தில் போகும்போது "டக்" என்று ஒரு உலோகச் சத்தம். அடுத்த நொடியே கம்ப்ரெஷன் போய்விட்டது. சூடேறி இறுகும் இன்ஜின் அப்படி நிற்காது. முதலில் இழுவை குறையும், சத்தம் மந்தமாகும், பிறகுதான் சக்கரம் பிடிக்கும். இங்கே சக்கரம் பிடிக்கவேயில்லை. பெடல் லேசாகச் சுற்றியது.

இப்போது உடைந்த பாகங்கள் சொல்வதைக் கேளுங்கள். சூட்டில் சீஸ் ஆன பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியம் உருகித் தேய்ந்து அப்பியிருக்கும், அல்லது நான்கு மூலையிலும் பட்டையாகத் தேய்மானம் இருக்கும். லீன் ஆக (பெட்ரோல் குறைவாக) ஓடியிருந்தால் பிளக் வெளுத்திருக்கும், பிஸ்டன் தலை அரித்திருக்கும். என் பிளக்கின் பீங்கான் அடர் பழுப்பு. பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் வழவழவென்று அப்படியே இருக்கிறது. கீறல் முழுக்கப் பின்பக்கம், பூஸ்ட் போர்ட்டுக்கு நேர் மேலே, ஒரே கோடாக ஏறுகிறது. அந்த ஜன்னலின் மேல் விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் நகம் மாட்டுகிறது. அங்கே சிறு பல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து போயிருக்கிறது. கீழ் ரிங்கில் உடைந்து மிஞ்சியிருக்கும் பகுதியின் முனை வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த முனை, பிஸ்டன் மேலேறும்போது மேல் விளிம்பில் இடித்து உடைந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரில் துளை இல்லை, ரிங் தாராளமாகச் சுழலலாம். டூ ஸ்ட்ரோக்கில் சுவர் முழுக்க ஜன்னல்கள். ரிங்கின் வாய் அவற்றில் எதற்கும் நேராக வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பள்ளத்தில் ஒரு பின்னை அடித்து ரிங்கை நிறுத்துகிறார்கள். அந்தப் பின்னையே கொண்டுபோய் ஜன்னலுக்கு நேராக வைத்தால், மாட்டக் கூடாத இடத்திலேயே ரிங்கைப் பூட்டி வைத்ததாகிவிடுகிறது. நான் நினைப்பது இதுதான்: இந்தப் பிஸ்டன், பின்சுவரில் பூஸ்ட் போர்ட் இல்லாத ஏதோ ஒரு சிலிண்டருக்காகச் செய்யப்பட்டது. ஒரு வீட்டு நிலையில் இன்னொரு வீட்டுக் கதவை மாட்டியதுபோல, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் கிடங்கிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டியை எடுங்கள். கீழ் ரிங்கின் பின் இருக்கும் இடத்துக்கு நேராகப் பிஸ்டன் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ரிங் மாட்டாமல், அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு மேலிருந்து பாருங்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு ஜன்னலுக்குள் விழுகிறதா இல்லையா? மேல் ரிங்கைப் பிடிக்கும் பின்னோ, ஜன்னல் விளிம்பிலிருந்து மயிரிழையில் தப்பிக்கிறது. அதோடு அந்த ஜன்னலின் விளிம்பையும் பாருங்கள். சாய்வாகத் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டிய இடத்தில், வார்ப்பில் வந்த பிசிர் அப்படியே நிற்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒழுங்காகத் தேய்த்த கை இதை மட்டும் மறந்துவிட்டது.

பொருத்தும் முன் வாங்குபவர்தான் சரிபார்த்திருக்க வேண்டும் என்று அடுத்து எழுதுவீர்கள் என்றால், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இடைவெளியை அளப்பது, பிசுக்கு துடைப்பது, ஜெட் போடுவது பொருத்துபவரின் வேலை. பின்னை எங்கே அடிக்க வேண்டும் என்பது வடிவமைத்தவரின் வேலை. ஜோடி என்று சொல்லி விற்ற பொருள் ஜோடிதானா என்று காசு கொடுத்தவர் சோதிக்க வேண்டும் என்றால், கிட் என்று ஒன்றை விற்கவே தேவையில்லை. "ரேஸ் பாகம்" என்ற வாதமும் நிற்காது. உங்கள் பெட்டியின் மேல் "சாலையில் ஓட்ட ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதன் படமும் இணைப்பில் உள்ளது.

இந்தப் புகாரில் எனக்கு வலிப்பது கிட்டின் விலை அல்ல. ரிங் துண்டுகள் டிரான்ஸ்ஃபர் (கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் பாதை) வழியாகக் கீழே இறங்கி மெயின் பேரிங்குகளைக் கடித்திருக்கின்றன. பிக் எண்டில் (கனெக்டிங் ராடின் கீழ் முனையில்) சொரசொரப்பு கேட்கிறது. கேஸின் உள்சுவரில் வெட்டு விழுந்திருக்கிறது. பூக் நிறுவனத்தின் இருசக்கர வண்டித் தொழில் 1987இல் பியாஜியோவுக்குக் கைமாறிவிட்டது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஆலையில் வார்த்த ஒரிஜினல் கேஸ் இனிப் புதிதாக வரப்போவதில்லை. இத்தனை வருடம் யாரோ ஆயில் ஊற்றி, துடைத்து, காப்பாற்றி வைத்திருந்த இன்ஜின் அது. இந்த மாதிரி வண்டிகளை ஓடவைப்பவர்கள் எல்லோரும் உங்களைப் போன்ற தயாரிப்பாளர்களை நம்பித்தான் இருக்கிறோம். அந்த நம்பிக்கையில்தான் வாங்கினேன், அதனால்தான் கோபமும் வருகிறது.

நான் கேட்பது: கிட்டின் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். மாற்று கிட் வேண்டாம், அதே பின் அதே இடத்தில்தான் இருக்கும். மெயின் பேரிங், ஆயில் சீல், கனெக்டிங் ராடு, கிராங்க்கைப் பிரித்துச் சேர்க்கும் லேத் கூலி ஆகியவற்றை நீங்கள் ஏற்க வேண்டும், ரசீதுகளை அனுப்புகிறேன். இவற்றைவிட முக்கியமாக, இந்தத் தொகுப்பின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தெரிவியுங்கள். என் இன்ஜின் பாதி த்ராட்டிலில் நின்றது. இன்னொருவருக்கு முழு வேகத்தில், பின்னால் லாரி வரும்போது, துண்டு சிக்கிப் பின்சக்கரம் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடைந்த ரிங், பிஸ்டன், சிலிண்டர் மூன்றையும் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம். உங்கள் செலவில் பார்சல் அனுப்பவும் தயார், ஆனால் படமெடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் தந்த பிறகுதான். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கொள்முதல் ரசீது நகல், பெட்டி மற்றும் பாகங்களின் படங்கள், உங்கள் முந்தைய பதிலின் நகல்