சைனும் சைனஸும் ஜேபியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. சைனஸ் தொல்லையால் இரண்டு வாரங்களாகத் தலைவலி என்று எழுதியிருந்ததைப் படித்து வருந்தினேன்; இந்நேரம் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். பேத்திக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தபோது, "இதற்கு ஏன் தாத்தா சைன் என்று பெயர்?" என்று அவள் கேட்டதாகவும், உங்களால் விடை சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தலைவலியும் அவளுடைய கேள்வியும் ஒரே சொல்லில் போய்ச் சேர்கின்றன. அதைச் சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

வட்டத்தின் ஒரு வில்லையும் அதன் இரு முனைகளைச் சேர்க்கும் கோட்டையும் பார்த்த பழைய கணித அறிஞர்களுக்கு அது நாணேற்றிய வில்லாகவே தோன்றியது. நாமும் பள்ளியில் அந்தக் கோட்டை நாண் என்றுதான் படித்தோம். வடமொழியில் நாணுக்கு 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் பெயர். கோள்களின் இருப்பைக் கணக்கிட முழு நாணைவிடப் பாதி நாணே வசதியானது என்பதால், 499-ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் பாதி நாண்களின் மதிப்புகளைத் தம் நூலில் வரிசைப்படுத்தித் தந்தார். 'அர்த்த ஜ்யா', அதாவது பாதி நாண், என்பது நாளடைவில் வெறும் ஜ்யா ஆயிற்று. நாம் இன்று சைன் என்று சொல்வது இதைத்தான்.

இந்தக் கணிதம் அரபு மொழிக்குப் போனபோது, அங்கிருந்த அறிஞர்கள் ஜீவா என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஜீபா' என்று எழுதினார்கள். அரபியில் அதற்குப் பொருள் கிடையாது. ஆனால் அரபு எழுத்தில் குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை என்பதால், பின்னால் வந்தவர்கள் அதே எழுத்துகளைத் தமக்குத் தெரிந்த 'ஜைப்' என்ற சொல்லாகப் படித்துவிட்டார்கள். ஜைப் என்றால் ஆடையின் மார்புப் பகுதியில் விழும் மடிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், மடிப்பு, வளைவு என்ற பொருளைத் தரும் தங்கள் 'சைனஸ்' என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தார்கள். கணிதத்துக்கு அதிலிருந்து சைன் கிடைத்தது. முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் குழிவுகளுக்கு மருத்துவர்கள் வைத்திருப்பதும் அதே லத்தீன் சொல்தான்.

என்னை உண்மையாகவே நெகிழ வைத்த செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ஜைப் என்ற அரபுச் சொல், சட்டைப்பை என்ற பொருளோடு பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கும் வந்து 'ஜேபி' ஆகியிருக்கிறது. ஜேப்படித் திருடன் என்று நாம் சொல்வதில் இருப்பதும் அதுவே. அப்படியென்றால் தேர்வு மண்டபத்தில் சைன் மதிப்பை மறந்து நாம் தவித்த அன்றும், அந்தச் சொல்லின் உடன்பிறப்பு நம் சட்டையிலேயே இருந்திருக்கிறது.

பிழையான பெயர்களை அறிவியல் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் கருத்து. அதை நான் ஏற்கவில்லை. ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அமிலங்களுக்கும் இந்த வாயுவே காரணம் என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே, 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படும் கிரேக்க வேர்களால் அதற்குப் பெயர் சூட்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்று 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி காட்டிவிட்டார், பெயரோ நிலைத்துவிட்டது. நம் உயிர்வளி என்ற சொல் இந்த வகையில் மூலத்தைவிடச் சரியானது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் ஆக்சிஜன் என்ற பெயரை அழித்துவிட்டால், ஒரு பேரறிஞர் எதை எண்ணி எங்கே தவறினார் என்பதும் அதோடு அழிந்துவிடும்.

ஹீலியமும் அப்படித்தான். 1868-இல் சூரிய ஒளியில் தென்பட்ட ஒரு மஞ்சள் கோடு சோடியத்துக்கு உரியதல்ல என்று கண்ட ஆங்கிலேய வானியலாளர் லாக்யர், அதை ஒரு புதிய தனிமம் என்று கருதினார். சூரியனுக்குரிய கிரேக்கப் பெயரோடு, உலோகங்களுக்கு வைக்கும் 'இயம்' என்ற ஈறு சேர்ந்துகொண்டது. 1895-இல் வேதியியலாளர் ராம்சே அதைப் பூமியிலேயே கண்டெடுத்தபோது அது உலோகமன்று, வாயு என்று தெளிவாயிற்று. நியான், ஆர்கான் என்று அதன் இனத்தவை வேறுவிதமாக முடிய, ஹீலியம் மட்டும் உலோகத்தின் வாலோடு நிற்பது இதனால்தான். பென்சிலின் நடுவில் இருப்பதைக் காரீயம் என்று நாம் சொல்கிறோமே, அதுவும் ஈயமன்று, கரிமத்தின் ஒரு வடிவம். அதை ஈயத்தின் ஒரு வகை என்று முன்பு மயங்கியிருந்தார்கள்.

பேத்திக்கு முதலில் ஒரு வில்லை நாணோடு வரைந்து காட்டுங்கள். பிறகு அந்த நாணைப் பாதியாக வெட்டச் சொல்லுங்கள். சைன் எது என்று அவளே கண்டுகொள்வாள். அடுத்து டேன்ஜென்ட் பற்றிக் கட்டாயம் கேட்பாள். அதற்கு லத்தீனில் 'தொடுவது' என்று பொருள். நம் பாடநூலில் உள்ள தொடுகோடு அதே பொருளைத்தான் தருகிறது. அங்கே யாரும் எதையும் தவறாகப் படிக்கவில்லை.

உடல்நிலை பற்றி மறக்காமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்